சோதிக்காமல் விட்ட தொட்டி

மூன்றாம் மாடியில் குடியிருந்த செவிலியரின் படுக்கையறைக் கூரையில் ஈரத் திட்டு முதன்முதலாகத் தோன்றியபோது, அது ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவே இருந்தது. பத்தே நாளில் தலையணை அளவுக்குப் பரவியது. பதினோராம் நாள் காலை, உள்ளங்கை அகலமுள்ள காரைத் துண்டு ஒன்று அங்கிருந்து பெயர்ந்து, நான்கு மாதக் குழந்தை படுக்கும் கட்டிலின் நட்டநடுவே விழுந்தது. அந்த நேரத்தில் குழந்தை குளியலறையில் தாயின் கையில் இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அக்கம்பக்கத்தார் ஆறுதல் சொன்னார்கள். செவிலியர் காரைத் துண்டைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு, ஒரு மாடி இறங்கி, சொட்டு சாரின் வீட்டு மணியை அடித்தார்.

சொட்டு சார் என்பது பெற்றோர் வைத்த பெயரன்று. முப்பத்தோராண்டுகளாகப் பள்ளி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருப்பவர், அமிலக் குப்பியைச் சாய்க்கும் மாணவர்களிடம் "ஒரு சொட்டு போதும், ஒரே சொட்டு" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயரைச் சம்பாதித்துக்கொண்டார். அது பள்ளி வாசலைத் தாண்டி, தெருவைக் கடந்து, அவர் குடியிருந்த கட்டடத்துக்கும் வந்து சேர்ந்தது. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் அழைப்பார்.

ஐம்பத்தாறு வயது, மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில். ஏழாண்டுகளுக்கு முன்பு மொட்டைமாடியில் ஒரே ஒரு தக்காளிச் செடியோடு தொடங்கியவர், இப்போது பத்தொன்பது தொட்டிகளுக்குச் சொந்தக்காரர். அவர் செய்யாத தவறு இல்லை. முதல் தக்காளியை அன்பு மிகுதியால் நாளுக்கு மூன்று வேளை நீர் ஊற்றியே கொன்றார். இரண்டாவது செடியின் காய்கள் அடிப்பக்கம் கறுத்து அழுகின. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றியதன் பலன் அது என்று புரிய ஓராண்டு ஆயிற்று. புதினாவைக் கீரையோடு ஒரே தொட்டியில் குடிவைத்தார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதுபோல, ஒரே மாதத்தில் கீரை இருந்த இடம் தெரியவில்லை. மிளகாயில் மாவுப்பூச்சி அப்பியபோது சோப்புக் கரைசலைக் கெட்டியாகக் கலந்து உச்சிவெயிலில் தெளித்து, பூச்சியையும் இலையையும் ஒருசேரப் பொசுக்கினார். ஒவ்வொரு தவறும் தேதியோடு அவருடைய நீலக் குறிப்பேட்டில் இருந்தது. விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் தட்டினால் நீர் ஊற்றக் கூடாது. தொட்டியை வெறுந்தரையில் வைக்கக் கூடாது. மூன்று செங்கல்லின் மேல் வைத்து, அடித்துளையை மூச்சுவிட விட வேண்டும். எல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டவை. கட்டடத்தில் யார் வீட்டு ரோஜா வாடினாலும் அவரைத் தேடித்தான் வருவார்கள்.

செவிலியர் அன்று அதற்காக வரவில்லை. காகிதத்தை விரித்துக் காட்டினார். அவருடைய குரலில் சண்டை இல்லை. அதுதான் சொட்டு சாரைக் கலக்கியது.

"சார், இது குழந்தையோட கட்டில்ல விழுந்துச்சு. மேல உங்க செடிங்கதான் இருக்கு. இது உங்க தண்ணியா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"எல்லாத் தொட்டியும் செங்கல் மேலதாம்மா இருக்கு. வழியிற தண்ணி நேரா வடிகாலுக்குப் போயிடும்."

"போயிடும்னு நினைக்கிறீங்களா, போறதைப் பார்த்திருக்கீங்களா?"

சொட்டு சார் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். செவிலியர் படியேறிப் போன பிறகு, பல் மருத்துவர் ஒருவரின் வரவேற்பறையில் வேலை பார்க்கும் அவருடைய மனைவி, கைப்பையைத் தோளில் மாட்டியபடி, "நீங்க பசங்களைக் கேக்குற கேள்வியை உங்களையே கேட்டுட்டா" என்றார்.

கதவு சாத்திய பின்னர்தான் ஒன்று அவருடைய மனத்தில் இடறியது. எல்லாத் தொட்டியும் செங்கல்லின் மேல் இருக்கவில்லை. பதினெட்டு இருந்தன.

பத்தொன்பதாவது, அத்தி.

ஐந்தாண்டுகளுக்கு முன்பு, பள்ளி வளாகத்தில் கிளை கழித்துக் குவித்திருந்த குப்பையிலிருந்து பென்சில் நீளக் குச்சிகள் நான்கை அவர் பொறுக்கி வந்தார். மூன்று, கண்ணாடிக் குவளை நீரிலேயே அழுகின. நான்காவதை ஈர மணலில் ஊன்றி, மேலே ஒரு குப்பியைக் கவிழ்த்து மூடி, நிழலில் வைத்துவிட்டு நாற்பது நாள் தொடாமல் இருந்தார். தொடாமல் இருந்ததுதான் அதில் கடினமான பகுதி. அது பிழைத்தது. பெயின்ட் வாளியில் வளர்ந்தது; பிறகு ஒரு நீல டிரம்முக்கு மாறியது. டிரம்மில் மண் நிரப்பிய அன்றே மனைவி, "செங்கல் வைக்கலையே?" என்று கேட்டார். "அடுத்த வாரம்" என்றார் இவர். அடுத்த வாரம் இரண்டு பேர் தள்ளியும் டிரம் அசையவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

சென்ற ஆண்டு முதன்முறையாகக் காய்த்தது. எல்லாம் பிஞ்சிலேயே உதிர்ந்தன. இந்த ஆண்டு பதினேழு காய்கள் நின்றன. பழுக்க இன்னும் பதினைந்து, இருபது நாள் ஆகலாம். காலையும் மாலையும் அவர் அவற்றை எண்ணினார். பதினேழு என்று தெரிந்தும் எண்ணினார்.

அன்று மாலை, குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் படிக்கட்டிலேயே கூட்டத்தைக் கூட்டினார். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எதையும் முத்திரை குத்துவதுபோல அடித்துப் பேசுவார். கொத்தனார் ஒருவரையும் அழைத்து வந்திருந்தார்.

"ரெண்டுல ஒண்ணுங்க" என்றார் கொத்தனார். "டேங்க்லேர்ந்து வர்ற குழாய் அந்தப் படுக்கையறைச் சுவருக்குள்ளதான் இறங்குது. அது விட்டிருக்கலாம். இல்லேன்னா செடித் தண்ணி. குழாய்னா சுவர் முழுக்க உடைக்கணும். ஒரு வாரத்துக்குக் குழந்தையை வெச்சுக்கிட்டு அங்க இருக்க முடியாது."

"எங்க அக்கா வீட்டுக்குத்தான் போகணும்" என்றார் செவிலியர். "அங்கேர்ந்து ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ். வீட்டுக்காரரும் கப்பல் வேலைல இருக்காரு. பரவாயில்லை, குழாய்தான்னா போறேன். ஆனா குழாய்தானான்னு தெரியணும்."

செயலாளர் சொட்டு சாரின் பக்கம் திரும்பினார். "சோதனை பண்றது உங்க தொழில். ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். ஒவ்வொரு தொட்டியாப் பார்த்துச் சொல்லுங்க. எது கசியுதோ அது மாடியை விட்டுப் போகணும். எதுவும் கசியலேன்னா சுவரை உடைச்சிடலாம். சாட்சி, கையெழுத்து ஒண்ணும் வேண்டாம். உங்க வார்த்தை போதும்."

பிறகு குரலைத் தாழ்த்தி, சட்டைப் பையிலிருந்து சுருண்ட இலை ஒன்றை எடுத்து நீட்டினார். "இது எங்க மிளகாய். ஏன் இப்படிச் சுருட்டிக்குது?"

"பின்பக்கம் திருப்பிப் பாருங்க. பூச்சி இருக்கும்."

"இருக்கு!" என்று செயலாளர் வியந்தார். "பார்த்தீங்களா, கண்ணு பட்டதும் சொல்லிட்டாரு."

அந்த நம்பிக்கை சொட்டு சாரின் முதுகில் ஒரு மூட்டையைப்போல ஏறி உட்கார்ந்தது.

சோதனையை அவர் முறையாகவே அமைத்தார். சமையல் சாயம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும், பெர்மாங்கனேட் மண் பட்டதும் நிறம் மாறிவிடும், இரண்டும் உதவா. குழாய்க் கசிவைக் கண்டறியப் பயன்படும் பச்சைச் சாயப் பொடியை, ஆய்வகத்துக்குப் பொருள் கொடுக்கும் கடையில் வாங்கினார். ஒரு கரண்டிப் பொடி ஒரு வாளி நீரை இளம்பச்சையாக ஒளிரச் செய்துவிடும். பத்தொன்பது பொட்டலங்களாகச் சம எடையில் மடித்து, ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் எண் எழுதினார். திங்கள் முதல் புதன் வரை நாளுக்கு நான்கு தொட்டி. வியாழனும் வெள்ளியும் மும்மூன்று. சனிக்கிழமை அத்தி மட்டும். பெரிய டிரம்முக்கு ஒரு முழு நாள் தேவை என்று மனைவியிடம் காரணம் சொன்னார். கேட்கப்படாமலேயே சொன்ன காரணம் அது.

ஒவ்வொரு நாளும் காலையில் பள்ளிக்குப் போகுமுன் சாய நீரை ஊற்றுவார். மற்றத் தொட்டிகளுக்கு வழக்கம்போல வெறும் நீர். மாலையில் செவிலியரின் வீட்டுக்குச் சென்று, முக்காலியின் மேல் ஏறி, கைவிளக்கை அடித்துக் கூரையைப் பார்ப்பார். திட்டின் ஓரத்தைப் பென்சிலால் வளைத்துக் கோடிட்டு, பக்கத்தில் நாளை எழுதுவார். முக்காலியைச் செவிலியர் ஒரு கையால் பிடித்துக்கொள்வார். மற்றொரு கையில் குழந்தை அவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

திங்கள்: பச்சை இல்லை, திட்டு ஒரு விரற்கடை பெருத்திருந்தது. செவ்வாய்: பச்சை இல்லை, மேலும் ஒரு விரற்கடை. புதனும் அவ்வாறே.

வியாழக்கிழமை காலையில் மாடிக் குழாயில் நீர் தாமதமாக வந்தது. சோதனைத் தொட்டிகள் மூன்றையும் முடித்துச் சிறியவற்றுக்கு ஊற்றுவதற்குள் பள்ளிக்கு நேரமாகிவிட்டது. அத்திக்கு மாலையில் ஊற்றிக்கொள்ளலாம் என்று போனவர், மாலையில் மறந்துபோனார். அதைவிட முக்கியமானது, அன்று அத்தி ஓர் இலையைக்கூடத் தொங்கவிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை படிக்கட்டில் செவிலியர் எதிர்ப்பட்டார். தூக்கம் கலையாத முகத்தில் பல நாளுக்குப் பின் ஒரு சிரிப்பு.

"சார், இன்னிக்கு அது பெருசாகவே இல்லை! நீங்க போட்ட கோட்டுக்குள்ளேயே நிக்குது!"

நேற்று நீர் காணாத தொட்டி ஒன்றே ஒன்று என்பது சொட்டு சாருக்கு உறைத்தது. "நல்லதும்மா" என்று சொல்லிவிட்டு, கீழே இறங்கினார்.

அன்று ஆய்வகத்தில் அவர் இரண்டு குடுவைகளை உடைத்தார். இவ்வாண்டுக் கோடையில் எட்டு நாள் வெளியூர் போய்த் திரும்பியபோது, மாடியில் எல்லாச் செடிகளும் தலைதொங்கிக் கிடக்க, அத்தி மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது அவருடைய நினைவுக்கு வந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். குறிப்பேட்டில், "அத்தி வாடவில்லை. ஆச்சரியம்" என்று அவரே எழுதியிருந்தார். தொட்டியில் நிற்கும் செடி எட்டு நாள் வெயிலில் வாடாமல் நின்றால், அது வேறெங்கோ குடிக்கிறது என்று பொருள். ஏன், ஏன் என்று மாணவர்களைத் துளைத்தெடுப்பவர் அந்த ஒரு வரியின் கீழே மட்டும் ஏன் என்று எழுதவில்லை. எழுதினால் விடையும் எழுத வேண்டியிருக்கும்.

வெள்ளி மாலையோடு பதினெட்டுத் தொட்டிகள் முடிந்தன. பச்சை எங்கும் இல்லை. வெள்ளியன்றும் அவர் அத்திக்கு நீர் ஊற்றவில்லை. மறதி என்று அதைச் சொல்ல முடியாது.

சனிக்கிழமை காலை பத்தொன்பதாம் பொட்டலத்தோடும் வாளியோடும் மாடிக்குப் போனார். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. டிரம்மின் விளிம்பில் கையை ஊன்றி நின்றார். அகன்ற இலைகளுக்கடியில் பதினேழு காய்களும் விரல் நுனிப் பருமனில் இறுகிப் பசுமையாக இருந்தன. ஒன்று மட்டும், கிழக்குப் பக்கக் கிளையில் இருந்தது, காம்பருகே சற்றே மங்கத் தொடங்கியிருந்தது. அழுத்திப் பார்த்தார், கல்.

'ஒருவேளை குழாயாகவும் இருக்கலாம்' என்று நினைத்தார். 'குழாய் பழசு. எப்படியும் ஒருநாள் மாற்றத்தானே வேண்டும்? பதினைந்து நாள் கழித்து நானே சோதித்துக்கொள்கிறேன்.' ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் நாற்றமடித்தது. பொட்டலம் சட்டைப் பைக்குள் போயிற்று. குறிப்பேட்டில் "19. அத்தி" என்று எழுதினார். பென்சில் அங்கேயே நின்றது.

மாலையில் முக்காலி ஏறினார். மூன்று நாளாக நீர் காணாத திட்டு, ஓரங்களில் வெளுக்கத் தொடங்கியிருந்தது. கீழே கதவருகில் பாதி அடுக்கிய ஒரு பெட்டியும் மடிக்காத குழந்தைத் துணிகளும் இருந்தன.

"பச்சை இல்லையே சார்?"

"இல்லை."

"அப்ப உங்க செடி எதுவும் இல்லை. எனக்கு மனசு ஒரு மாதிரியா இருக்கு, உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"ம்" என்றார் சொட்டு சார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கைகழுவினார். மனைவி துண்டை நீட்டியவர், அவருடைய விரல்களைப் பார்த்தார். ஐந்து நாளும் பச்சை படிந்த நகங்களோடு வந்து, தேய்த்துத் தேய்த்துக் கழுவிய கை.

"இன்னிக்குக் கை சுத்தமா இருக்கே" என்றார்.

"கவனமாக் கலந்தேன்."

"அப்படியா?" என்று சொல்லி அவர் உள்ளே போய்விட்டார். அந்த 'அப்படியா'வுக்கு இருபத்தேழாண்டு இல்லறத்தின் கனம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய தேநீர்க் கோப்பை மேசைக்கு வந்தபோது, சாசரின் ஓரத்தில் ஒரு பொட்டலம் இருந்தது. 19 என்று பென்சிலால் எழுதிய பொட்டலம். துவைக்கப் போடுமுன் சட்டைப் பைகளைத் துழாவுவது மனைவியின் வழக்கம் என்பதை அவர் எப்படி மறந்தார் என்று தெரியவில்லை.

மனைவி எதிரே உட்கார்ந்து தம் தேநீரைக் குடித்தார்.

"எங்க கிளினிக்குக்கு ஒருத்தர் வருவாரு" என்று தொடங்கினார். "சொத்தைப் பல்லு. டாக்டர் எதிர்ல உட்கார்ந்தா வாயைத் திறக்க மாட்டாரு. வலி இல்லை, வலி இல்லைன்னு கையை ஆட்டுவாரு. வலி இல்லாதவன் எதுக்குய்யா இங்க வந்து உட்கார்ந்திருக்கேன்னு எனக்குத் தோணும்."

"பதினேழு காய்" என்றார் சொட்டு சார்.

"எண்ணியிருக்கேன். எனக்கும் எண்ணத் தெரியும்." மனைவி கோப்பையை வைத்தார். "நான் போய் யார்கிட்டயும் சொல்லப் போறதில்லை. அது உங்க வேலை."

மேலே, கொத்தனாரின் கருவிப் பை தரையில் இறங்கும் ஓசை கேட்டது.

அவர் போய்ச் சேர்ந்தபோது, படுக்கையறைச் சுவரில் குழாய் இறங்கும் தடத்தைக் கொத்தனார் நீலக் கோடாக வரைந்து முடித்திருந்தார். குழந்தையின் கட்டிலைக் கூடத்துக்குத் தள்ளியிருந்தார்கள். செவிலியர் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வாடகைக் காருக்காகச் சன்னலோரம் நின்றார். செயலாளர் கைகளைப் பின்னால் கட்டியபடி மேற்பார்வையில் இருந்தார்.

"வாங்க சார். உங்களுக்காகத்தான் காத்திருக்கோம். பத்தொன்பதும் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லை. அப்படித்தானே? ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா ஆரம்பிச்சிடலாம்."

கொத்தனார் உளியைக் கோட்டின் மேல் வைத்து, சுத்தியலைப் பாதியில் தூக்கிப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். கீழே கார் வந்து நின்று ஒலியெழுப்பியது. செவிலியர் பெட்டியின் கைப்பிடியைப் பற்றினார்.

சொட்டு சார் நீலக் கோட்டைப் பார்த்தார். தலையை ஒருமுறை அசைத்தால் போதும்; வார்த்தைகூட வேண்டாம். சுவர் உடையும். குழாய் நன்றாக இருப்பது தெரிய வரும். அதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். குழந்தையோடு இரண்டு பேருந்து ஏறி இறங்கிய பெண் திரும்பி வந்து, பூசிய சுவரையும், அதே திட்டின் கீழே அதே கட்டிலையும் பார்ப்பார். பதினேழும் பழுத்திருக்கும். அவற்றை யாரோடு உட்கார்ந்து தின்பது?

"பதினெட்டுதான் பார்த்தேன்" என்றார்.

"என்னது?"

"அத்தியைப் பார்க்கலை. நேத்துப் பொய் சொன்னேன்." சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து எல்லோரும் காணும்படி உள்ளங்கையில் வைத்தார். "உளியை எடுத்துடுங்க. சுவர்ல ஒண்ணும் இருக்காதுன்னு நினைக்கிறேன்."

சுத்தியல் மெல்ல இறங்கியது. கீழே கார் மறுபடி ஒலித்தது.

செவிலியர்தான் முதலில் பேசினார். குரல் உயரவில்லை. "விடிய விடிய உட்கார்ந்து பெட்டி கட்டினேன் சார். ஒரு நாள் முன்னாடி சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்மா."

"போய் ஊத்துங்க. நான் இங்கேயே நிக்கிறேன்."

செயலாளரும் கொத்தனாரும் அவரோடு மாடிக்கு ஏறினார்கள். அவருடைய மனைவி ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். வாளியில் நீரும் நிரப்பியிருந்தார். பொட்டலத்தைப் பிரித்து நீரில் உதறினார் சொட்டு சார். பச்சை, புகைபோல் விரிந்து வாளி முழுவதும் ஒளிர்ந்தது. டிரம்மின் மண்ணில் மெல்ல ஊற்றினார். மண் மூன்று நாள் தாகத்தோடு உறிஞ்சியது. கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பேட்டில் நேரத்தை எழுதினார்.

கீழே வந்து எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். ஐந்து நிமிடம் ஆயிற்று. கொத்தனார் இருமினார். எட்டு நிமிடம். "குழாயாத்தான் இருக்குமோ?" என்று செயலாளர் முணுமுணுத்தபோது, சொட்டு சாரின் மனத்தில் ஓர் ஆசை வெட்கமில்லாமல் தலைதூக்கியது. அதை அவர் அடக்கவில்லை; அடக்க நேரமும் இருக்கவில்லை. பதினோராம் நிமிடத்தில், காரை பெயர்ந்த பள்ளத்தின் நடுவே ஒரு துளி திரண்டு, தயங்கி, கட்டில் கிடந்த இடத்தில் வெறுந்தரையில் விழுந்தது.

இளம்பச்சை.

குழந்தை அதைப் பார்த்துக் காலை உதைத்துக்கொண்டு சிரித்தது. வேறு யாரும் சிரிக்கவில்லை. செவிலியர் சன்னலுக்குச் சென்று, "போங்கண்ணே, வரலை" என்று காரை அனுப்பிவிட்டார்.

"அப்ப மத்த பதினெட்டு?" என்று கேட்டார் செயலாளர்.

"அதெல்லாம் உண்மை."

"அதையும் நீங்கதானே சொல்றீங்க?"

சுருக்கென்று தைத்தது. ஆயினும் அதில் தவறு காண முடியவில்லை. "நாளைலேர்ந்து மறுபடியும் ஊத்துறேன்" என்றார் சொட்டு சார். "பக்கத்துல நின்னு பாருங்க."

"நிப்பேன்" என்றார் செயலாளர். மிளகாயைப் பற்றி அன்று அவர் ஒன்றும் கேட்கவில்லை.

நெம்புகோலைக் கொடுத்து டிரம்மை ஒரு பக்கம் சாய்த்தபோது, அடித்துளையிலிருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு வேர் இறங்கித் தளத்தின் வெடிப்புக்குள் புகுந்திருப்பது தெரிந்தது. வெடிப்பின் இருபுறமும் ஓடுகள் மேலெழும்பியிருந்தன.

"ஆளு உள்ள குடித்தனமே பண்ணியிருக்காரு" என்றார் கொத்தனார். பிறகு இலைகளை விலக்கிக் காய்களைப் பார்த்தவருக்கு மனம் இளகியது. "அடடா. எத்தனை நாள்ல பழுக்கும்?"

"பதினஞ்சு, இருபது."

"மழை வர இன்னும் ஒரு மாசம் இருக்கு. பழுத்தப்புறம் வெட்டிக்கலாமே? தண்ணி ஊத்தாம விட்டா என்ன?"

"தண்ணி இல்லேன்னா உதிர்ந்துடும். பறிச்சு வெச்சாலும் பழுக்காது. அத்தி மரத்துலதான் பழுக்கும்."

"ஒரு ரெண்டு வாரம் கட்டிலைக் கூடத்துலயே போட்டுக்கச் சொன்னா…" என்று இழுத்தார் கொத்தனார்.

"வேண்டாம்" என்றார் சொட்டு சார், சற்று அவசரமாகவே. இன்னொரு நிமிடம் அந்தப் பேச்சு நீண்டால் தாம் ஒப்புக்கொண்டுவிடுவோம் என்று அவர் பயந்தார். "ரம்பத்தைக் கொடுங்க. நானே அறுக்கிறேன்."

வெண்பால் வழிந்தது. கைகள் பிசுபிசுத்தன, தோல் அரித்தது. ஒவ்வொரு கிளை விழும்போதும் அவர் எண்ணவில்லை. கொத்தனார் வேரை உளியால் தோண்டி எடுத்தார். முழம் முழமாக வந்துகொண்டே இருந்தது. பிற்பகலுக்குள் டிரம் இருந்த இடத்தில் ஒரு பள்ளமும், அதைச் சுற்றி வட்டமாகப் பச்சைக் கறையும் மட்டுமே இருந்தன. கொத்தனார் பள்ளத்தைச் சிமென்ட்டால் அடைத்துவிட்டு, மூன்று நாள் மிதிக்கக் கூடாது என்று சொல்லிப் போனார்.

சொட்டு சார் நிழலில் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தார். "19. அத்தி" என்ற வரியை முடித்தார்: "ஞாயிறு. பதினோரு நிமிடம். பச்சை." கோடைக்கால வரியைத் தேடி எடுத்து, "ஆச்சரியம்" என்ற சொல்லை ஒரே கோட்டால் அடித்தார், படிக்க முடியும்படியாகத்தான் அடித்தார். பிறகு வெட்டிய கிளைக் குவியலிலிருந்து பென்சில் நீளத்தில் நான்கு குச்சிகளைத் தேர்ந்து, நுனியைச் சரிவாகச் சீவினார். மணல் நிரப்பிய சிறிய தொட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். மேற்குச் சுவரோரம் நிழல் இருந்தது. குனிந்தார்.

"அங்கேயே நில்லுங்க, சொட்டு சார்."

மனைவி மாடிக் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தார். இரு கைகளிலும் மார்போடு அணைத்தபடி மூன்று செங்கற்கள். மூச்சு வாங்கியது. அவற்றைச் சுவரோரம் ஒவ்வொன்றாக இறக்கி, இடைவெளி விட்டு அடுக்கி, ஆடுகிறதா என்று உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். கைகளைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"இப்ப வைங்க" என்றார்.